நிலக்கரி பாய்லரை எடுத்துவிட்டு கரண்ட் பாய்லர் வைத்தால் நெட் ஜீரோவுக்கு வழி பிறக்குமா?

ஃபீனிக்ஸ்_ஊறுகாய்:

வணக்கம். தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஃபீனிக்ஸ் தொழிற்பேட்டையில் ஊறுகாய், மசாலாத்தூள், உறைய வைத்த சமோசா செய்யும் ஆலைக்காகக் கேட்கிறேன். எங்கள் சரக்கை வாங்கும் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் எல்லா சப்ளையரிடமும் மூன்று கேள்வி கேட்டிருக்கிறது. இன்று உங்கள் உமிழ்வு எவ்வளவு? 2030-க்குள் அதைப் பாதியாக்க என்ன திட்டம்? 2050-க்குள் நெட் ஜீரோவுக்கு (விடும் உமிழ்வும் நீக்கும் உமிழ்வும் சமமாகும் நிலை) எப்படிப் போவீர்கள்?

கடந்த 12 மாத பில்கள்:

மின்சாரம் 620,000 யூனிட்
நிலக்கரி 210 டன் (மணிக்கு 2 டன் நீராவி தரும் செயின் கிரேட் பாய்லர், அதாவது நகரும் சங்கிலித் தட்டில் நிலக்கரி எரிவது; அழுத்தம் 7 பார்)
எல்பிஜி 18 டன் (மிளகாய், மல்லி வறுக்கும் ட்ரம், சமோசா பொரிக்கும் சட்டி)
டீசல் 40,000 லிட்டர் (டெலிவரி வண்டிகள், லோட் ஷெட்டிங் எனும் மின்வெட்டு நேர ஜெனரேட்டர்)
குளிர் அறைகளில் ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் கேஸ், இந்த 12 மாதத்தில் நிரப்பியது 60 கிலோ

ஆலை ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடுகிறது. கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது: எலக்ட்ரோடு பாய்லர் (மின்சாரத்தில் நீராவி தருவது) ஒன்று, கூரையில் 300 கிலோவாட் சோலார் ஒன்று. இந்த நிதியாண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு. கூரையில் பாதி பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. பாய்லர் விற்க வந்தவர் "நிலக்கரி போனால் ஸ்கோப் 1-ல் (ஆலையே நேரடியாக விடும் உமிழ்வு) பெரும்பங்கு போய்விடும்" என்கிறார். எதை முதலில் செய்வது?

கணக்கு_வெருலம்:

கொட்டேஷன் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பில்களை முதலில் டன்னாக மாற்றுங்கள்.

நம் நாட்டு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் சுமார் 2.4 டன் கரியமில வாயு. 210 டன்னுக்கு 504. எல்பிஜி டன்னுக்கு ஏறக்குறைய 3 டன், ஆகவே 54. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, ஆகவே 107. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரம் யூனிட்டுக்கு சுமார் 1 கிலோ, ஆகவே 620. கடைசியாகக் குளிர் அறை. ஆர்-404ஏ ஒரு கிலோ கசிந்தால் 3,922 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 60 கிலோ நிரப்பினீர்கள் என்றால் 60 கிலோ காற்றில் போயிருக்கிறது. அது 235 டன்.

மொத்தம் சுமார் 1,520 டன். வண்டிகளும் ஜெனரேட்டரும் சேர்ந்து குடித்த டீசலைப் போல இரண்டு மடங்குக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கேஸ் கசிவில் போகிறது. இது மின் பில்லிலும் வராது, எரிபொருள் பில்லிலும் வராது. ஏசி மெக்கானிக்கின் பராமரிப்பு பில்லில் "கேஸ் டாப்-அப்" என்று ஒரு வரியாகக் கிடக்கும். பலருடைய கணக்கில் விட்டுப்போவது இந்த வரிதான்.

நிலக்கரி, எல்பிஜி, டீசல், கேஸ் கசிவு நான்கும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மிளகாய், எண்ணெய், கண்ணாடி ஜாடி, கப்பல் வாடகை எல்லாம் ஸ்கோப் 3. அதை இரண்டாம் ஆண்டில் தொடலாம், ஆனால் படிவத்தில் அந்த இடத்தை வெற்றாக விடாமல் எப்போது தருவீர்கள் என்று எழுதுங்கள்.

கார்பன் வரி நேரடியாக உங்களைத் தொடாது. எரிபொருள் எரிக்கும் திறன் 10 மெகாவாட்டுக்கு மேல் உள்ள ஆலைகளுக்குத்தான் அது. உங்கள் பாய்லர் 2 மெகாவாட்டுக்குள் அடங்கும். டீசல் விலைக்குள் மட்டும் ஏற்கெனவே சேர்ந்து வருகிறது. ஆனாலும் வரி விகிதத்தைத் தெரிந்து வையுங்கள். 2019-ல் டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கி, 2024-ல் 190, 2025-ல் 236, 2026-ல் 308, 2030-ல் 462 என்று சட்டத்திலேயே படி வைத்திருக்கிறார்கள். முதலீட்டுக் கணக்குப் போடும்போது இந்த விலையை உங்கள் டன்னுக்கும் வைத்துப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துவிடும்.

கொதிகலன்_ஜேக்கப்ஸ்:

கரண்ட் பாய்லர் இப்போ வேண்டாம் தம்பி. காரணம் கணக்கிலேயே இருக்கு.

உங்க நிலக்கரி ஒரு கிலோவுல சுமார் 7 யூனிட் சூடு. 210 டன்னுக்கு 14,70,000 யூனிட். அந்த வயசு செயின் கிரேட் பாய்லர் 72% திறன்ல ஓடுதுன்னு வெச்சுக்கிட்டா, நீராவியா வெளியே வர்றது சுமார் 10,60,000 யூனிட். அதாவது ஒரு யூனிட் நீராவிக்கு 0.48 கிலோ கரியமில வாயு. அதே நீராவியை எலக்ட்ரோடு பாய்லர்ல 98% திறன்ல எடுத்தா, எஸ்காம் கரண்ட் யூனிட்டுக்கு 1 கிலோ கணக்குல 1,080 டன் வரும். இன்னைக்கு 504. ஸ்கோப் 1 குறையும், ஸ்கோப் 2-ல அது இரண்டு மடங்கா ஏறி உக்காரும். படிவத்தைப் படிக்கிறவங்க இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பாங்க. எஸ்காம் கரண்ட் யூனிட்டுக்கு 0.47 கிலோவுக்குக் கீழே இறங்குற வரைக்கும் அந்த மெஷின் உமிழ்வைக் கூட்டும். போதாததுக்கு மேக்ஸிமம் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்துல இழுக்கிற அதிகபட்ச கரண்ட், ஒரேயடியா 1,000 கேவிஏக்கு மேல ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் மாத்த வேண்டி வரும். அந்தச் செலவு கொட்டேஷன்ல இருக்கான்னு பாருங்க.

ஹீட் பம்ப் வேற விஷயம். ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் சூடு தருதோ அதுதான் சிஓபி. நிலக்கரியை ஜெயிக்க 2.1 போதும். எல்பிஜியை ஜெயிக்கணும்னா 3.75 வேணும், ஏன்னா 85% திறனுள்ள எல்பிஜி பர்னர் யூனிட் சூட்டுக்கு 0.27 கிலோதான் விடுது. அதனால நம்ம நாட்டுல இன்னைக்கு எல்பிஜியை அவசரப்பட்டு மாத்தாதீங்க. வறுக்கிற ட்ரம் கடைசியா வரட்டும்.

இப்போ பணம் அதிகம் போடாம நீராவியில 20% குறைக்கிற வழி. ஊறுகாய் ஆலைகள்ல ஒரே மாதிரி நாலு இடத்துல சூடு வீணாகும்.

பெரிய இழப்பு, கண்டென்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து வர்ற தண்ணியை, சாக்கடையில விடுறது. ஜாக்கெட் கெட்டில் (சுவருக்குள்ள நீராவி ஓடுற பாத்திரம்) எங்கேயாவது ஓட்டையானா வினிகரும் உப்பும் கண்டென்சேட்ல கலந்து பாய்லர் ட்யூபை அரிச்சிடும். அந்தப் பயத்துல எல்லாத்தையும் கொட்டிடுவாங்க. பயம் நியாயமானது, தீர்வும் சுலபமானது. திரும்பி வர்ற லைன்ல உப்பை அளக்கிற ஒரு கண்டக்டிவிட்டி ப்ரோப், அதோட சேர்ந்த மூணு வழி வால்வு. உப்பு ஏறினா தானே சாக்கடைக்குத் திருப்பும், சுத்தமா இருந்தா பாய்லருக்குத் தண்ணி கொடுக்கிற ஃபீட் டேங்குக்கு. ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினா எரிபொருள் 1% மிச்சம். 30-லிருந்து 80-க்குப் போனா 8%. இதுல ஒண்ணைக் கவனிக்கணும். தண்ணி 85 டிகிரியைத் தாண்டினா ஃபீட் பம்ப் வாயிலேயே கொதிச்சு பம்ப் "கரகர"ன்னு சத்தம் போடும், இம்பெல்லர் போயிடும். டேங்கை பம்புக்கு மேல 3 மீட்டராவது தூக்கி வையுங்க.

அடுத்தது ஸ்டீம் ட்ராப், தண்ணியை மட்டும் வெளிய விட்டு நீராவியைத் தடுக்கிற வால்வு. 3 மி.மீ. துளையுள்ள ட்ராப் திறந்த நிலையிலேயே மாட்டிக்கிட்டா மணிக்கு 20-30 கிலோ நீராவி போகும். உங்க 4,000 மணி நேரத்துல ஒரு ட்ராப்புக்கே 10 டன் நிலக்கரிக்கு மேல. எல்லா ட்ராப்புக்கும் நம்பர் போட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் கருவியால கேட்டு எழுதுங்க. வெறும் டெம்பரேச்சர் கன் நம்பாதீங்க. நல்ல ட்ராப்பும் கெட்ட ட்ராப்பும் ஒரே சூடு காட்டும். கெட்டிலுக்கு ஃப்ளோட் ட்ராப், மெயின் லைன் வடிகாலுக்கு தெர்மோடைனமிக். மாத்திப் போட்டா கெட்டில் சூடேற நேரமாகும், ஆபரேட்டர் பைபாஸைத் திறந்து வெச்சுடுவார். அதோட மிச்சம் போச்சு.

மூணாவது லாகிங், பைப்புக்குச் சூடு காக்கிற உறை. 50 மி.மீ. பைப் மேல உறை இல்லைன்னா 7 பார்ல மீட்டருக்கு 300 வாட்டுக்கு மேல இழப்பு. 30 மீட்டர் மொட்டை பைப் இருந்தா வருஷம் 7 டன் நிலக்கரி. வால்வையும் ஃப்ளாஞ்சையும் மூடாம விடுறதுதான் வழக்கம். ஒரு மொட்டை வால்வு ஒரு மீட்டர் மொட்டை பைப்புக்குக் குறையாது. கழட்டி மாட்டுற ஜாக்கெட் கிடைக்குது, அதைப் போடுங்க. சுத்தி வெச்சு கம்பி கட்டினதை ரிப்பேருக்குக் கழட்டுனா யாரும் திரும்பக் கட்ட மாட்டாங்க.

நாலாவது பாய்லரே. புகைபோக்கி அடியில ஃப்ளூ கேஸ் (வெளியே போற புகை) சூடு பாருங்க. 7 பார் பாய்லருக்கு 230 டிகிரி ஒட்டி இருக்கணும். 280 தாண்டினா ட்யூபுக்குள்ள புகைக்கரியோ, தண்ணிப் பக்கம் உப்புப் படிவோ இருக்கு. 20 டிகிரி குறைஞ்சா 1% மிச்சம். சாம்பலைக் கையில எடுத்துப் பாருங்க. கறுப்பா, கனமா, தேய்ச்சா விரல்ல கரி ஒட்டினா எரியாத நிலக்கரியைக் காசு கொடுத்து குப்பைக்கு அனுப்புறீங்க. பொடி அதிகமான லோடு வந்தா கிரேட் இடுக்கு வழியா அப்படியே கீழ விழும்.

ஃபீனிக்ஸ்_ஊறுகாய்:

ரொம்ப நன்றி அண்ணா. நீராவியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஜாடி கழுவும் தண்ணீருக்கும் தரை, டேங்க் கழுவுவதற்கும் போகிறது, எல்லாம் 80 டிகிரிக்குள். அதை மட்டும் ஹீட் பம்புக்கு மாற்றலாமா? 2030-க்குப் பிறகு எஸ்காம் சுத்தமாகிவிடும் என்றால் பெரிய பாய்லர் விஷயத்தில் காத்திருப்பது சரிதானா?

கட்டம்_ஜோபர்க்:

காத்திருக்கலாம், ஆனால் சும்மா காத்திருக்கக் கூடாது.

எஸ்காமின் கட்டமைப்பு வேகமாகச் சுத்தமாகும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். மின்சாரத்தில் இன்னும் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரி. கொமாட்டி அனல் நிலையத்தை 2022 அக்டோபர் 31-ல் மூடினார்கள். ஆனால் கேம்டன், க்ரூட்ஃப்ளை, ஹெண்ட்ரினா மூன்றும் 2030 வரை ஓடட்டும் என்று பிறகு தள்ளி வைத்தார்கள். மெடுபியும் குசிலேயும் தலா 4,800 மெகாவாட் அளவுள்ள புது நிலையங்கள், அவை 2050-க்குப் பிறகும் ஓடக்கூடியவை. இன்னொரு பக்கம், லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-ல் மக்களும் ஆலைகளும் தாங்களாகவே கூரைகளில் வைத்த சோலார், அடுத்த ஆண்டுக்குள் 5,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆக யூனிட்டுக்கு 1 கிலோ என்பது இறங்கும், ஆனால் 0.47-ஐ எப்போது தொடும் என்று தேதி சொல்லி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இங்கே கொதிகலன் ஐயாவோடு எனக்கு ஒரு வேறுபாடு. இன்றைய எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால், இந்தப் பாய்லர் ஓயும்போது இன்னொரு நிலக்கரி பாய்லரை வாங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. பாய்லர் 25 ஆண்டு ஓடும். 2030-ல் வாங்கினால் 2055 வரை உங்களைக் கட்டிப்போடும், நெட் ஜீரோ படிவத்தில் நீங்களே எழுதிய தேதியைத் தாண்டி. ஆகவே இப்போதே ஆலையின் சூட்டுத் தேவையை இரண்டாகப் பிரித்துக் குழாய் போடுங்கள். 80 டிகிரி வெந்நீருக்குத் தனி லைன், தனி காப்புறை டேங்க். உண்மையாகவே நீராவி வேண்டிய கெட்டில்களுக்கும் பாஸ்டரைஸருக்கும் மட்டும் நீராவி. பிரித்துவிட்டால் நாளைக்கு எந்த இயந்திரம் மலிவாகிறதோ அதைச் சொருகலாம். பிரிக்காத வரை, ஜாடி கழுவுவதற்காகப் பாய்லர் அறையே 170 டிகிரியில் எரிய வேண்டும்.

கொதிகலன்_ஜேக்கப்ஸ்:

அதுல எனக்கு மறுப்பே இல்லை. இன்னொரு நிலக்கரி பாய்லர் வாங்கச் சொல்லவே மாட்டேன்.

வெந்நீர் ஹீட் பம்ப் சரிதான், ஆனா வெளிக்காத்துல இருந்து சூடு எடுக்காதீங்க. காத்துல இருந்து 80 டிகிரிக்குத் தூக்கினா சிஓபி 2.5 ஒட்டி நிக்கும். உங்க குளிர் அறை கண்டென்சர் ராத்திரி பகலா 30-35 டிகிரி சூட்டை வெளியே ஊதுது. அதுல இருந்து எடுத்தா 3.5 வரைக்கும் போகலாம். அதுக்கும் முன்னாடி, கம்ப்ரெஸர்ல இருந்து வர்ற சூடான கேஸ் லைன்ல டீசூப்பர்ஹீட்டர்னு ஒரு சின்ன ப்ளேட் எக்ஸ்சேஞ்சர் போட்டா பச்சைத் தண்ணி 50 டிகிரி வரைக்கும் கரண்ட் செலவே இல்லாம ஏறும். இரட்டைச் சுவர் ப்ளேட் கேளுங்க, குடிநீர்ல எண்ணெய் கலக்காம இருக்க. டேங்க் பெருசா இருக்கணும். ஜாடி கழுவுற நேரமும் குளிர் அறை உழைக்கிற நேரமும் ஒண்ணா வராது.

நீராவிக்கு நிலக்கரிக்குப் பதிலா இப்பவே ஏதாவது வேணும்னா மரத்துண்டு பெல்லட். குவாசுலு-நடாலில் யூகலிப்டஸும் வாட்டிலும் நிறைய. பெல்லட் கிலோவுக்கு 17 மெகாஜூல்னா உங்களுக்கு வருஷம் 310 டன் ஒட்டி வேணும். கரும்புச் சக்கை ஆலை வாசல்ல மலிவாக் கிடைக்கும், ஆனா பாதி எடை தண்ணி. உங்க கிரேட்டுல அது எரியாது, புகையும். பெல்லட்டிலும் மூணு தொல்லை உண்டு. நெருப்பு ஹாப்பருக்குப் பின்னால ஏறாம இருக்க ரோட்டரி வால்வு வேணும். டர்பன் ஈரத்துல திறந்து வெச்சா மாவா உதிரும். சாம்பல் கண்ணாடி மாதிரி கட்டியாகி கிரேட்டுல ஒட்டும், மேல்காற்றைக் கூட்டி கீழ்காற்றைக் குறைச்சாத்தான் அடங்கும். பாய்லரை மாத்தினா அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாம நெருப்பு வைக்கக் கூடாது.

குளிர்_டொங்காட்:

60 கிலோ கசிவு பற்றி. ஊறுகாய் ஆலை என்றதுமே எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிட்டது. வினிகர் ஆவி குளிர் அறைக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

அசிட்டிக் அமிலம், ஈரம், செம்பு மூன்றும் சேர்ந்தால் எவாப்பரேட்டர் (அறைக்குள் குளிர் தரும் பகுதி) குழாயில் எறும்புப் புற்று போல வளைந்து வளைந்து அரிப்பு ஏற்படும். வெளியே பார்த்தால் ஊசி முனையைவிடச் சின்னப் புள்ளி, சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. மெக்கானிக் வந்து ஃப்ளேர் நட்டுகளை இறுக்கிவிட்டுக் கேஸ் நிரப்பிப் போய்விடுவார். இரண்டு மாதத்தில் மறுபடி வருவார். நிரப்புகிற பழக்கத்தை நிறுத்துங்கள். எந்த யூனிட்டில், எந்தத் தேதியில், எத்தனை கிலோ என்று தனித்தனி ஏடு போடுங்கள். நான்கு யூனிட் இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டில்தான் கசிவு முழுவதும் இருக்கும். கேஸை உருளையில் மீட்டெடுத்து, உலர்ந்த நைட்ரஜன் அடைத்து 24 மணி நேரம் அழுத்தம் நிற்கிறதா பாருங்கள். அறையின் சூடு மாறினால் அழுத்தமும் மாறும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். எவாப்பரேட்டர் அரித்திருந்தால் பற்றவைத்துப் பயனில்லை, பக்கத்திலேயே அடுத்த துளை விழும். எபாக்ஸி பூசிய குழாய்ச் சுருள் அல்லது ஸ்டெயின்லெஸ் குழாய்ச் சுருள் போடுங்கள். வினிகர் கலக்கும் இடத்துக்குத் தனி எக்ஸாஸ்ட் வைத்து, குளிர் அறைக் கதவுப் பக்கம் அந்தக் காற்று வராமல் திருப்புங்கள்.

கசிவு நின்ற பிறகு கேஸை மாற்றுங்கள், முன்னால் வேண்டாம். ஆர்-448ஏ அல்லது ஆர்-449ஏ போட்டால் கசியும் கிலோவுக்கு 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சற்றுக் குறைவு. கம்ப்ரெஸரில் உள்ள பழைய பிஓஇ எண்ணெய் அப்படியே ஓடும். ஆனால் ரப்பர் ஓ-ரிங்குகள் புது கேஸில் சுருங்கிக் கசியும், எல்லாவற்றையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வை மறுபடி சரிசெய்ய வேண்டும். இந்தக் கேஸ்கள் ஒரே வெப்பத்தில் ஆவியாவதில்லை, 5 டிகிரி ஒட்டி நகரும். சமோசா ஃப்ரீஸரில் கம்ப்ரெஸர் டிஸ்சார்ஜ் சூடு ஏறும், திரவம் பீய்ச்சும் ஏற்பாடு தேவைப்படலாம். ஆண்டுக்கு 15 கிலோ கசிவுக்குள் கொண்டுவந்தால் 235 டன் 21 ஆகும். குளிரூட்டும் கேஸ் வேலைக்கான எஸ்ஏக்யூசிசி கேஸ் பதிவு உள்ள ஆள்தான் தொட வேண்டும்.

புது குளிர் அறை கட்டினால் கரியமில வாயுவையே கேஸாகப் பயன்படுத்தும் இயந்திரம் அல்லது ப்ரோபேன். கரியமில வாயு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகாது, டர்பன் கோடைப் பகலில் திறன் விழும். ஈரத் திண்டு வைத்த கேஸ் கூலரும் பேரலல் கம்ப்ரெஷனும் சேர்த்தே விலை கேளுங்கள். தென் ஆப்பிரிக்கா 2019-லேயே இத்தகைய கேஸ்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை ஏற்றுவிட்டது. 2024-ல் பயன்பாடு அதற்கு மேல் ஏறாமல் உறைவு, 2029-ல் 10%, 2035-ல் 30%, 2045-ல் 80% குறைப்பு. ஆர்-404ஏ விலை ஏறுவதற்கு அதுவே போதும்.

சோலார்_சாட்ஸ்வொர்த்:

இந்த ஆண்டின் பணம் சோலாருக்குத்தான் போக வேண்டும், ஆனால் 300 அல்ல. நல்ல கூரைப் பாதியில் 180 கிலோவாட் மட்டும். டர்பனில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 1,450 யூனிட் ஒட்டித் தரும், ஜோபர்க் அளவு வராது. 180-க்கு 261,000 யூனிட். ஞாயிற்றுக்கிழமை குளிர் அறை மட்டும் ஓடும்போது வீணாவதைக் கழித்தால் 220,000. அதாவது 220 டன். பகலில் குளிர் அறையை இரண்டு டிகிரி கூடுதலாக இறக்கி வைத்து மாலையில் கம்ப்ரெஸரை ஓய்வெடுக்க விட்டால் வீணாவதும் குறையும்.

ஆஸ்பெஸ்டாஸ் பாதியில் ஒரு துளைகூடப் போடாதீர்கள். 2020 ஒழுங்குவிதிகளின்படி பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் அதைத் தொடலாம். அந்தக் கூரையை எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். மாற்றும் ஆண்டில் மீதி 120 கிலோவாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனலும் ரெயிலும் சதுர மீட்டருக்கு 15 கிலோ ஒட்டிக் கனக்கும். அடியில் உள்ள பர்லின் (கூரைக் குறுக்குச் சட்டம்) தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும். கடல் காற்றுக்கு அனோடைஸ் செய்த அலுமினிய ரெயில், 316 ஸ்டெயின்லெஸ் போல்ட்.

சோலார் வைத்த பிறகு பில் குறையவில்லை என்று புலம்பும் ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது இது: உங்கள் லோடு 250 கிலோவாட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் வேலை செய்யும் பங்கு) 0.95 என்றால் ரியாக்டிவ், அதாவது வேலை செய்யாமல் போய் வரும் பங்கு, 82 கேவிஏஆர். சோலார் 180 கிலோவாட் தந்ததும் எஸ்காம் பக்கம் 70 கிலோவாட்தான் இழுக்கிறீர்கள், ஆனால் 82 கேவிஏஆர் அப்படியே. பவர் ஃபேக்டர் 0.65-க்கு விழுகிறது. ரியாக்டிவைச் சமன்செய்யும் கெப்பாசிட்டர் பேனலின் சிடி (மின்னோட்டம் அளக்கும் வளையம்) சோலார் இணையும் இடத்துக்கு லோடு பக்கம் இருந்தால் அதற்கு இது தெரியவே தெரியாது. சிடியை மெயின் இன்கமர் பக்கம் மாற்றுங்கள், இன்வெர்ட்டரையே ரியாக்டிவ் தரும்படி அமையுங்கள். மேக்ஸிமம் டிமாண்டும் தானாகக் குறையாது. மாதத்தில் மேகம் மூடிய ஒரு அரை மணி நேரம் போதும், அந்த மாதம் முழுக்க அதே கேவிஏ.

ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடும்போது சோலாரை அடக்கும் கன்ட்ரோலர் கட்டாயம். டீசல் இஞ்சின் 30% லோடுக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் எரியாத டீசலும் கரியும் சிலிண்டரில் படியும். டர்பனின் எதேக்வினி மாநகராட்சியில் பதிவு, என்ஆர்எஸ் 097-2-1 சான்றுள்ள இன்வெர்ட்டர், சான்ஸ் 10142-1 படி வயரிங் சான்றிதழ் மூன்றும் இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர்கள், தீ விபத்தில் காப்பீடு நிற்காது. வருமான வரியில் 12பி பிரிவு 1 மெகாவாட்டுக்குட்பட்ட சோலாருக்கு முதல் ஆண்டிலேயே 100% கழிவு தருகிறது. 125% சலுகை 2025 பிப்ரவரியோடு முடிந்தது, பழைய கொட்டேஷனில் அந்தக் கணக்கு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

கணக்கு_வெருலம்:

எல்லாவற்றையும் 1,520-லிருந்து கழித்துப் பார்த்தேன். நீராவிச் சிக்கனம் 100, கேஸ் கசிவு 210, முதல் சோலார் 220, கண்டென்சர் சூட்டில் ஓடும் வெந்நீர் 70, இரண்டாம் சோலார் 140. சேர்ந்து 740. பாதிக்கு 20 டன்தான் பாக்கி, பாய்லரை மாற்றாமலே.

அந்த 20 டன்னை டெலிவரி வண்டியில் தேடாதீர்கள். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி கிலோமீட்டருக்கு 0.27 கிலோ விடுகிறது. அதே அளவு மின்வண்டி சார்ஜ் இழப்போடு 0.3 யூனிட் எடுக்கும், எஸ்காம் கரண்டில் அது 0.3 கிலோ. பகலில் உங்கள் சோலாரில் சார்ஜ் ஆகும் நிலை வந்தால் மட்டும் வாங்குங்கள்.

படிவத்தில் "நெட் ஜீரோ" என்று எழுதும்போது கவனம். நிறுவனங்களின் உமிழ்வு இலக்கைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பு 2021-ல் வைத்த அளவுகோலின்படி உமிழ்வை 90% அளவுக்கு நிஜமாகக் குறைத்த பிறகு, மிச்சத்தை மட்டும் காற்றிலிருந்து நிரந்தரமாக எடுத்துச் சமன் செய்ய வேண்டும். மரம் நட்ட சான்றிதழ் வாங்கி 2030 இலக்கை நிரப்ப முடியாது. பெல்லட் எரித்தால் அதன் கரியமில வாயுவைத் தனி வரியில் காட்டுங்கள், மறைக்காதீர்கள். ஸ்கோப் 3-ல் தொடங்கும்போது விமானச் சரக்கை முதலில் பாருங்கள். ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் போகக் கண்டெய்னர் கப்பலில் 10-20 கிராம், விமானத்தில் 500 கிராமுக்கு மேல்.

ஃபீனிக்ஸ்_ஊறுகாய்:

அப்படியானால் எலக்ட்ரோடு பாய்லர் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: வாங்குபவர் அடுத்த ஆண்டு சோதிக்க வருவார். எந்தெந்த மீட்டர் வைத்தால் போதும்?

கொதிகலன்_ஜேக்கப்ஸ்:

ஃபீட் வாட்டர் லைன்ல ஒரு வாட்டர் மீட்டர், வெந்நீர் தாங்குறதா பார்த்து. நிலக்கரியை ஹாப்பர்ல போடுற பக்கெட்டை எடை போட்டு ஷிஃப்டுக்கு எண்ணிக்கை எழுதுங்க. ஒரு கிலோ நிலக்கரிக்கு எத்தனை கிலோ நீராவின்னு வாராவாரம் பார்த்தா போதும். 7-க்கு மேல இருந்தா நல்லது, 6-க்குக் கீழ போனா அந்த வாரமே ட்ராப்பையும் ஃப்ளூ சூட்டையும் பாருங்க. உப்பு வெளியேற பாய்லர்ல இருந்து திறந்து விடுற ப்ளோடவுன் தண்ணியும் அந்த மீட்டர்ல சேரும். அதைக் கழிக்காம எழுதினா பாய்லர் இருக்கிறதை விட நல்லா தெரியும்.

சோலார்_சாட்ஸ்வொர்த்:

மின்சாரத்தில் நான்கு சப்-மீட்டர்: குளிர் அறை, ஏர் கம்ப்ரெஸர், அரைக்கும் மில்கள், மீதி எல்லாம். அரை மணிக்கு ஒரு ரீடிங் சேமிப்பதாக இருக்கட்டும். கம்ப்ரெஸர் மீட்டரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாருங்கள். யாரும் காற்று பயன்படுத்தாத நேரத்தில் அது காட்டுவது முழுக்கக் கசிவு. 7 பாரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று 3 கிலோவாட் ஒட்டி இழுக்கும். ஆண்டு முழுதும் அணைக்காமல் விட்டால் 26,000 யூனிட். கணக்கு அக்கா தேடும் 20 டன் அங்கேயே இருக்கலாம். கம்ப்ரெஸர் ரிசீவருக்கு அடுத்து ஒரு டைமர் வால்வு வைத்து, கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் மெயின் லைனை மூடிவிடுங்கள். பேக்கிங் பக்கம் நியூமேடிக் சிலிண்டர் எதுவும் ராத்திரி அழுத்தத்தில் நிற்க வேண்டியதில்லையே என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.